பாதி சீசனில் யாருக்குப் பரிசு?

அக்டோபர் இரண்டாவது வாரம் தாண்டிவிட்டால், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே சண்டைதான். பன்னிரண்டு ஆட்டங்களில் ஏறக்குறைய ஆறு முடிந்திருக்கும். இதுவரை ஆடியவர்களில் யார் முதல், எந்த இடத்துக்கு யார், யாரை விட்டது அநியாயம் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பாதி சீசன் ஆல்-அமெரிக்கா அணி (களத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் நாட்டின் சிறந்த வீரர்) என்று ஒன்றை வெளியிடும். விளையாட்டுப் பத்திரிகைகளும் தங்கள் பங்குக்கு வெளியிடும். கோப்பை கிடையாது, நியூயார்க்கில் மேடை கிடையாது. ஆனாலும் ஆண்டின் சிறந்த வீரருக்கு டிசம்பரில் நியூயார்க்கில் தரும் ஹைஸ்மன் கோப்பைக்கு நடக்கும் வாக்குவாதத்தைவிட இதுதான் காரசாரமாக இருக்கும். டிசம்பரில் வாக்குச்சீட்டு வைத்திருப்பவர்கள் விஷயத்தை முடித்துவிடுவார்கள். அக்டோபரில் முடித்துவைக்க ஆளே இல்லை.

இந்தச் சண்டையில் ஒரு வாதம் மட்டும் எப்போதும் உறுத்துகிறது. "பையன் நவம்பரில் படுத்துவிடுவான், அவனை எதற்கு இப்போதே தூக்கி வைக்க வேண்டும்?" என்பது அந்த வாதம். இதையே திருப்பிப் போட்டு, "கடைசியில் இவன்தான் ஜெயிக்கப்போகிறான், அதனால் இப்போதே இவனுக்குக் கொடு" என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் செய்வது ஜோசியம். பாதி சீசன் பட்டியல் கேட்கும் கேள்வி வேறு: ஆடி முடித்த ஆறு ஆட்டங்களில் என்ன நடந்தது, அவ்வளவுதான். டிசம்பர் பட்டியலில் அதே பெயர் இல்லாமல் போனால் அக்டோபர் பட்டியல் பொய்யாகிவிடாது. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி ஜோசியத்துக்குப் போய்விடுவார்கள். 2024-ஐ எடுத்துக்கொண்டு பார்த்தால் எங்கே பிசகுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

2024 அக்டோபர் 12

அன்று சனிக்கிழமை. கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் அதுவரை ஐந்து ஆட்டங்களில் வைட் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவராக) 46 பந்துகளைப் பிடித்து 561 யார்டுகள், ஆறு டச் டவுன்கள் (பந்தோடு கோல் கோட்டைக் கடப்பது) எடுத்திருந்தார். அதே ஆள் எதிரணி பந்தை வைத்திருக்கும்போது கார்னர்பேக்காக (ரிசீவரைக் காவல் காப்பவராக) நின்று இரண்டு இன்டர்செப்ஷன்களும் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்திருந்தார். பெய்லருக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனபோது, கோல் கோட்டின் வாசலில் எதிரணி ரன்னிங் பேக்கின் (பந்தை ஏந்தி ஓடுபவரின்) கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தை 38-31 என்று முடித்து வைத்ததும் அவர்தான். பல ஆட்டங்களில் நூறு ஸ்னாப்புக்கு மேல் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) களத்தில் நின்றார். இந்தக் காலத்தில் ஒரு கல்லூரி வீரர் அறுபது, எழுபது ஸ்னாப் ஆடினாலே முழு வேலை என்று கணக்கு.

அன்று கன்சாஸ் ஸ்டேட் கொலராடோவின் ஊரான போல்டருக்கு வந்திருந்தது. முதல் பாதியிலேயே ஹன்டருக்குத் தோளில் அடிபட்டது. மூன்று பந்துகள், 26 யார்டுகளோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. கொலராடோ 31-28 என்று தோற்றது.

அதே இரவு, கிழக்குக் கடற்கரைக்காரர்கள் பெரும்பாலும் தூங்கப்போன பிறகு, ஹவாயில் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 31 தடவை பந்தை வாங்கி ஓடி 217 யார்டுகள் எடுத்தார். ஆறு ஆட்டங்களில் அவருடைய கணக்கு 126 கேரி (பந்தை வாங்கி ஓடிய தடவை), 1,248 யார்டு, 17 டச் டவுன். ஒரு கேரிக்கு 9.9 யார்டு. ஐந்து யார்டைத் தாண்டினாலே நல்ல ரன்னிங் பேக் என்று சொல்லும் விளையாட்டு இது. அந்த 1,248-இல் பெரும்பகுதி, யாராவது ஒருவர் அவரைத் தொட்ட பிறகு எடுத்தது.

ஆக, பாதி சீசன் பட்டியல் எழுத வேண்டிய வாரத்தில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் வீடியோ கேம் கணக்கு வைத்திருக்கிறார். அப்போது ஜென்டிக்கு எதிராகச் சொல்லப்பட்டது மூன்று. பாய்சி ஆடும் மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) பலவீனமானது. எஃப்.சி.எஸ். என்ற இரண்டாம் தட்டு அணியை அடித்து எண்ணிக்கை ஏற்றிக்கொண்டார். தோற்றுக்கொண்டிருக்கும் அணிகளின் மேல் கடைசி நேரத்தில் ஏறி மிதித்தார். மூன்றையும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை.

எஃப்.சி.எஸ். விஷயத்தை முதலில் எடுப்போம். போர்ட்லண்ட் ஸ்டேட்டுக்கு எதிராக அவர் எடுத்தது 11 கேரியில் 127 யார்டு, இரண்டு டச் டவுன். அதை அப்படியே வெட்டி எறியுங்கள். மிச்சம் ஐந்து ஆட்டம், 115 கேரி, 1,121 யார்டு. ஒரு கேரிக்கு 9.7. கால் யார்டுகூடக் குறையவில்லை. அதே கத்தரியை ஹன்டர் பக்கம் கொண்டுபோனால்தான் சங்கடம். அவருடைய முதல் ஆட்டம் நார்த் டக்கோட்டா ஸ்டேட்டோடு, அதுவும் எஃப்.சி.எஸ். அணிதான். ஏழு பந்து, 132 யார்டு, மூன்று டச் டவுன். அதை வெட்டினால் ஹன்டரின் டச் டவுனில் பாதி போய்விடும். ஆனால் நார்த் டக்கோட்டா ஸ்டேட் அந்த சீசனில் எஃப்.சி.எஸ். சாம்பியனாக முடித்த அணி. கொலராடோவை 31-26 வரை இழுத்தடித்தது. போர்ட்லண்ட் ஸ்டேட்டை பாய்சி 56-14 என்று துவைத்தது. 'எஃப்.சி.எஸ். என்றால் கழி' என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வெட்டுவதற்கு முன் எந்த அணி, எவ்வளவு வித்தியாசம், ஆள் எப்போது வெளியே போனார் என்று பார்க்க வேண்டும்.

கடைசி நேர மிதி என்ற குற்றச்சாட்டு நேர்மாறானது. போர்ட்லண்ட் ஸ்டேட்டோடு 11 கேரி, 62-30 என்று ஜெயித்த யூட்டா ஸ்டேட்டோடு 13 கேரி, 186 யார்டு. இரண்டு ஆட்டத்திலும் இரண்டாம் பாதியின் பெரும்பகுதி அவர் பெஞ்சில். ஒப்பேற்ற நினைக்கிறவருக்கு 13 கேரி போதாது. ஒரு ரன்னிங் பேக்கின் எண்ணிக்கை வீங்கியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: இருபது புள்ளிக்கு மேல் முன்னணி இருக்கும்போது நான்காவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில்) அவருக்கு எத்தனை கேரி? அங்கே எட்டு, பத்து என்று இருந்தால் பேசலாம்.

கான்ஃபரன்ஸ் பலவீனம் என்பது மட்டும் நிஜமான கேள்வி. அதற்கு அந்தப் பட்டியலிலேயே பதில் இருந்தது. செப்டம்பர் 7 அன்று ஆரிகனில் 25 கேரி, 192 யார்டு, மூன்று டச் டவுன். பாய்சி 37-34 என்று தோற்றது. அந்த ஆரிகன் டிசம்பர் கடைசிவரை ஒரு ஆட்டமும் தோற்காமல், வலுவான பிக் டென் கான்ஃபரன்ஸின் சாம்பியன் ஆன அணி. ஆறு ஆட்டத்தில் ஒன்றுதான், உண்மை. ஆனால் வலுவான எதிரணி என்று ஒரே ஒரு தடவை வாய்ப்புக் கிடைத்தவரிடம், அந்த ஒரு தடவை என்ன செய்தார் என்றுதான் கேட்க முடியும்.

அந்த வாரம் எழுதும் பட்டியலில் முதல் பெயர் ஜென்டி, இரண்டாவது ஹன்டர். கலிஃபோர்னியாவிடம் 25 புள்ளி பின்தங்கியிருந்து 39-38 என்று மயாமியை மீட்டுக் கொண்டுவந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கேம் வார்ட் மூன்றாவது. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அதே யார்டு, வேறு விலை

ஹைஸ்மன் வாக்குச்சீட்டுகள் போகும் நேரத்தில் ஜென்டி 13 ஆட்டத்தில் 344 கேரி, 2,497 யார்டு, 29 டச் டவுன். இந்த எண்ணை எல்லோரும் மொத்தமாகவே சொல்வார்கள். நடுவில் கோடு போட்டுப் பாருங்கள். முதல் ஆறு ஆட்டத்தில் 1,248 யார்டு. அடுத்த ஏழு ஆட்டத்தில் 1,249 யார்டு. கிட்டத்தட்ட சரிபாதி. ஆனால் முதல் பாதிக்குப் பிடித்தது 126 கேரி, இரண்டாவது பாதிக்கு 218. ஒரு கேரிக்கு 9.9 என்பது 5.7 ஆகிவிட்டது. ஓர் ஆட்டத்துக்கு 21 கேரி என்பது 31 ஆகிவிட்டது. மட்டையாளர் நூறு அடித்தார் என்று மட்டும் சொல்லி, எத்தனை பந்தில் என்று சொல்லாமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த மொத்தக் கணக்கும்.

ஏன் இறங்கியது என்பதில் மர்மம் இல்லை. ஆறு ஆட்டத்து வீடியோ கையில் கிடைத்த பிறகு எதிரணிகள் எட்டுப் பேரை, சில சமயம் ஒன்பது பேரை முன்வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தின. பாஸ் போட்டு எங்களை அடித்தால் அடித்துக்கொள், இவனை விடமாட்டோம் என்ற கணக்கு. பாய்சியும் ஆட்டத்துக்கு ஆட்டம் அவரையே நம்பியது. அத்தனைக்கும் அந்த சீசனில் நூறு யார்டுக்குக் கீழே அவர் ஓர் ஆட்டம்கூட முடிக்கவில்லை. இது சரிவு என்று சொல்வது அநியாயம், ஆனால் முதல் ஆறு ஆட்டத்து வேகமும் அதில் இல்லை.

ஹன்டர் பக்கம் என்ன நடந்தது? தோள் அடிக்குப் பிறகு அரிசோனாவோடு இரண்டே பந்து, 17 யார்டு. அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகு சின்சினாட்டியோடு 153 யார்டு, கன்சாஸோடு 125, ஓக்லஹோமா ஸ்டேட்டோடு பத்துப் பந்து, 116 யார்டு, மூன்று டச் டவுன், கூடவே ஒரு இன்டர்செப்ஷன். பன்னிரண்டு ஆட்டம் முடிந்தபோது 92 பந்து, 1,152 யார்டு, 14 டச் டவுன், நான்கு இன்டர்செப்ஷன். சீசன் முழுக்க ஆடிய ஸ்னாப் 1,300-ஐத் தாண்டியது. அடிபட்ட தோளோடு இரண்டு பக்கமும் ஆடுவது ஓர் ஆட்டத்துக்கு முடியும், ஆறு ஆட்டத்துக்கு முடியுமா என்பதுதான் அக்டோபரில் இருந்த கேள்வி. அக்டோபரில் அதற்குப் பதில் இல்லை. நவம்பரில் வந்தது.

ஹைஸ்மனில் ஹன்டருக்கு 2,231 புள்ளி, ஜென்டிக்கு 2,017. முதலிடத்துக்கான வாக்கு 552-க்கு 309. ஆறு மண்டலம், மண்டலத்துக்கு 145 பத்திரிகையாளர்கள், அதோடு பழைய வெற்றியாளர்கள், ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. மூன்று பெயர் எழுத வேண்டும், மூன்று-இரண்டு-ஒன்று என்று புள்ளி. 214 புள்ளி வித்தியாசம் சின்னது. அதே ஆண்டு, இன்னொரு சிறந்த வீரர் விருதான மேக்ஸ்வெல் ஜென்டிக்குத்தான் போனது. டிசம்பரில் எனக்கு முதல் பெயர் ஹன்டர். அக்டோபரில் ஜென்டி. இரண்டையும் ஒரே வாயால் சொன்னால் 'நிலையில்லாதவர்' என்று பெயர் வாங்க வேண்டியிருக்கிறது. புதிதாக ஆறேழு ஆட்டம் வந்த பிறகும் பதில் மாறக் கூடாது என்றால், அந்த ஆட்டங்களை எதற்கு ஆடினார்கள்?

எண்கள் எங்கே ஏமாற்றும்

ஆறு ஆட்டம் என்பது சின்னக் கணக்கு. முழு சீசனில் கரைந்துபோகும் கோளாறுகள் இங்கே தலைதூக்கி நிற்கும். முதல் கோளாறு, ஆட்ட எண்ணிக்கையே ஒன்றாக இருக்காது. ஓய்வு வாரம் ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு நேரத்தில் வருவதால், அக்டோபர் நடுவில் சிலர் ஐந்து ஆடியிருப்பார்கள், சிலர் ஏழு. மொத்த யார்டு வரிசையைப் பார்த்து 'பட்டியலில் ஆறாவது இடம்தானே' என்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்து, பிறகு வாய்ப்புக்கு எவ்வளவு என்று இன்னொரு தடவை வகுக்க வேண்டும். ரன்னிங் பேக்குக்கு வாய்ப்பு என்பது கேரி. ரிசீவருக்கு வாய்ப்பு என்பது பாஸ் வாங்க அவர் ஓடிய தடவைகள்; பிடித்த பந்துகளின் எண்ணிக்கையை வைத்து வகுக்கக் கூடாது.

குவார்ட்டர்பேக்குகளின் பாஸிங் எஃபிஷியன்சி (பாஸ் திறன்) எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் அதன் சூத்திரத்தை ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டும். யார்டை 8.4-ஆல் பெருக்கி, டச் டவுனுக்கு 330, பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் 100 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 200 கழித்து, மொத்தத்தை எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுப்பது. முப்பது பாஸில் இருபது பிடிபட்டு, 250 யார்டு, இரண்டு டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன் என்றால் 152 வரும். இப்போது கோல் கோட்டிலிருந்து ஒரு யார்டு தள்ளி நின்று எறியும் டச் டவுன் பாஸைத் தனியாக எடுங்கள்: 330, 100, 8.4 சேர்த்து 438.4. டச் டவுன் ஆகாத ஒரு பாஸ் அதே மதிப்பைப் பெற வேண்டும் என்றால் 40 யார்டுக்கு மேல் போக வேண்டும். அதாவது ஒரு பயிற்சியாளர் கோல் கோட்டில் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுக்கச் சொல்கிறாரா, பாஸ் எறியச் சொல்கிறாரா என்ற ஒரே பழக்கம், ஆறு ஆட்டத்தில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை இரண்டு வேறு தட்டில் வைத்துவிடும். பந்து ஆட்டத்துக்கு வந்த கோட்டுக்குப் பின்னால் தட்டிவிட்ட பந்தை ரிசீவர் எழுபது யார்டு இழுத்துக்கொண்டு ஓடினாலும் எழுபதும் எறிந்தவர் கணக்கில்தான்.

ஓடும் குவார்ட்டர்பேக்குகளுக்கு இன்னொரு சிக்கல். கல்லூரிக் கணக்கில் சாக் (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) விழுந்தால் இழந்த யார்டு ஓட்டக் கணக்கில் கழியும். தொழில்முறை லீகில் அப்படிக் கழிக்க மாட்டார்கள். ஒருவர் 12 தடவை ஓடி 60 யார்டு எடுத்து, மூன்று சாக்கில் 24 இழந்தால் ஆட்டக் கணக்கு அட்டையில் '15 கேரி, 36 யார்டு' என்று நிற்கும். கேரிக்கு ஐந்து யார்டு ஓடியவர் 2.4 யார்டுக்காரர் ஆகிவிடுவார். இரண்டு ஓடும் குவார்ட்டர்பேக்குகளை ஒப்பிடும் முன் சாக்கைத் திரும்பக் கூட்டாவிட்டால், அவர்களைக் காக்கும் முன்வரிசைகளைத்தான் ஒப்பிடுகிறோம்.

பழைய சாதனைகளோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். சீசன் முடிவில் தனியாக நடக்கும் பௌல் ஆட்டத்தின் கணக்கைச் சீசன் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது 2002-இல்தான். பேரி சாண்டர்ஸ் 1988-இல் எடுத்த 2,628 யார்டு பதினோரு ஆட்டத்தில் எடுத்தது. ஹாலிடே பௌலில் அவர் ஓடிய 222 யார்டு அதில் சேரவில்லை. ஜென்டி பௌலையும் சேர்த்துப் பதினான்கு ஆட்டத்தில் 2,601. சாக், டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைச் சாய்ப்பது) போன்ற தற்காப்புக் கணக்குகளை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியது 2000-இல். அதற்கு முந்தைய லைன்பேக்கர்களோடு இன்றைய ஆட்களை நிறுத்துப் பார்ப்பவர்கள் காற்றை நிறுக்கிறார்கள்.

யார்டைவிடப் பாதி சீசனுக்கு உதவுவது சக்ஸஸ் ரேட். பத்து யார்டு நகர ஓர் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் எழுபது சதவீதம், மூன்றாவது, நான்காவதில் முழுவதும் எடுத்தால் அந்த முயற்சி வெற்றி. மூன்றாவது டவுனில் பதினைந்து வேண்டியிருக்கும்போது ஒன்பது யார்டு ஓடுவது அட்டையில் அழகாக இருக்கும், இந்தக் கணக்கில் தோல்வி. ஒரே ஒரு எண்பது யார்டு ஓட்டத்தால் சராசரி எகிறிப்போன ரன்னிங் பேக்கை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

மங்கிப்போனவர்கள்

ஜோசியக்காரர்கள் வழக்கமாக இழுப்பது 2012-இன் குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தை. அவருடைய வெஸ்ட் வர்ஜீனியா ஐந்து ஆட்டத்தில் 5-0. ஜீனோ 24 டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. பெய்லரை 70-63 என்று ஜெயித்த நாளில் 51 பாஸில் 45 பிடிபட்டு, 656 யார்டு, எட்டு டச் டவுன். பாதி சீசன் பரிசு அவருக்குத்தான் என்பதில் அன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிறகு டெக்சஸ் டெக்கிடம் 49-14, கன்சாஸ் ஸ்டேட்டிடம் 55-14 என்று அடுத்தடுத்துத் தோல்வி. ஐந்து தோல்வி வரிசையாக. ஹைஸ்மன் விழாவுக்கு நியூயார்க் அழைப்பே வரவில்லை. நவம்பர் 10 அன்று அலபாமாவை அதன் மண்ணிலேயே 29-24 என்று சாய்த்த டெக்சஸ் ஏ அண்ட் எம் குவார்ட்டர்பேக் ஜானி மன்ஸீல் கோப்பையைத் தூக்கினார், அதைத் தூக்கிய முதல் ஃப்ரெஷ்மேன் (முதலாண்டு வீரர்).

'பார்த்தாயா, அக்டோபர் பட்டியல் தப்பு' என்பார்கள். எது தப்பு? அந்த ஐந்து ஆட்டம் நடக்கவில்லையா? சீசன் முடிவில்கூட ஜீனோவின் கணக்கு 42 டச் டவுன், ஆறு இன்டர்செப்ஷன். சரிந்தது பெரும்பாலும் அவருடைய அணி, முக்கியமாக அதன் தற்காப்பு. 63 புள்ளி விட்டுக்கொடுத்து ஜெயிக்கும் அணி நவம்பரில் என்ன ஆகும் என்று ஊகிப்பது சுவாரசியமான பொழுதுபோக்குதான். ஆனால் அதைக் காரணம் காட்டி ஜீனோவின் பெயரை அக்டோபரில் அடித்திருந்தால் அது அவர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை.

எல்.எஸ்.யு. ரன்னிங் பேக் லெனர்ட் ஃபோர்னெட் கதை வேறு. 2015-இல் ஏழு ஆட்டத்தில் 1,352 யார்டு. நவம்பர் 7 அன்று அலபாமாவோடு 19 கேரியில் 31 யார்டு. அதே மைதானத்தில் அதே இரவில் அலபாமாவின் டெரிக் ஹென்றி 38 கேரியில் 210. கோப்பை கைமாறியது அந்த ஓர் இரவில்தான். இங்கே எதிரணியின் முன்வரிசை நேரடியாக ஆளையே நிறுத்தியது, அணி சரிந்ததால் வந்த வினை இல்லை. டென்னசி குவார்ட்டர்பேக் ஹென்டன் ஹூக்கர் மூன்றாவது வகை. 2022 அக்டோபர் 15 அன்று அலபாமாவை 52-49 என்று வென்று முன்னணிக்கு வந்தவர், நவம்பர் 19 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து சீசனே முடிந்தது. மங்கியவர்கள் என்று மூவரையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் 'அக்டோபரை நம்பாதே' என்ற பொன்மொழி உருவாகிறது. லூயிவில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை அந்த மூட்டையில் யாரும் போடுவதில்லை. 2016 செப்டம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-20 என்று நொறுக்கியபோது பிடித்த முன்னணி, நவம்பர் கடைசியில் ஹூஸ்டனிடமும் கென்டக்கியிடமும் தோற்ற பிறகும் கோப்பைக்குப் போதுமானதாக இருந்தது. அக்டோபர் அளவுக்கு மீறி நினைவில் நிற்பதும் உண்டு.

கேமரா பார்க்காத இடங்கள்

குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக் சண்டைக்குக் குறைந்தபட்சம் எண்கள் உண்டு. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைனுக்கு எதுவும் கிடையாது. ரசிகர் பட்டியல்களில் அந்த வரிசையின் நடுவில் நிற்கும் கார்டு, சென்டர் இடங்களைப் பாருங்கள். ஜூலை மாதத்து முன்சீசன் பட்டியலில் இருந்த பெயர்களே மிதந்து வரும். அந்தப் பெயர்களைப் போன வருடத்து மதிப்பு தூக்கி நிறுத்துகிறது. இதைத் திருத்த ஒரே வழி, உட்கார்ந்து பார்ப்பது. ஒரு சென்டரையோ கார்டையோ மதிப்பிட இரண்டு ஆட்டம், பாஸ் ஸ்னாப் மட்டும் எழுபது, எண்பது பார்த்தால் போதும். பந்தை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு எட்டில் கால் அகலமாக நிற்கிறதா, கை எதிராளியின் நெஞ்சுக்குள் போகிறதா, தோளுக்கு வெளியே போய்ப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கை வெளியே போகிறவர் இன்று தப்பினாலும் ஹோல்டிங் (இழுத்துப் பிடித்தல்) அபராதம் காத்திருக்கிறது. எதிரணித் தற்காப்பு முன்வரிசையின் எண்ட், டேக்கிள் என்ற இருவரும் குறுக்கே இடம் மாறி வரும்போது தன் ஆளைப் பக்கத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, வருகிறவரைப் பிடிக்கிறாரா என்பதுதான் நல்ல கார்டையும் சாதாரண கார்டையும் பிரிக்கும் இடம். எண்ட் ஸோன் பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளேவில் இது தெளிவாகத் தெரியும், நேரடிக் கேமராவில் தெரியாது.

சாக் எண்ணிக்கையை வைத்து எட்ஜ் வீரர்களை (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்களை) வரிசைப்படுத்துவதும் ஆறு ஆட்டத்தில் ஆபத்து. ஐந்து சாக்குக்கும் ஏழு சாக்குக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. பின்னால் கார்னர்கள் எல்லோரையும் மூடிவிட்டதால் பந்தை எறிய இடமில்லாமல் விழுந்த சாக்கும் கணக்கில் வரும். ஆஃபென்சிவ் லைனின் ஓரத்தில் காக்கும் பலவீனமான ஒரு டேக்கிளை ஒரே நாளில் மூன்று தடவை தாண்டினால் பாதி சீசன் கணக்கே அழகாகிவிடும். எத்தனை ஸ்னாப்பில் எத்தனை தடவை குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தினார் என்ற கணக்கு இருபது, முப்பது என்று பெரிதாக வருவதால் அதைக் கொஞ்சம் நம்பலாம்.

கார்னர்பேக்குகளுக்கு நடப்பது இன்னும் வேடிக்கை. நல்ல கார்னர் பக்கம் பந்தே வராது. பந்து வராதவருக்கு இன்டர்செப்ஷன் எப்படி வரும்? ஆக இன்டர்செப்ஷன் வரிசையில் முதலில் நிற்பவர் பல நேரம் எதிரணி தைரியமாகக் குறிவைத்தவர்தான். ரிசீவரைக் காவல் காத்த எத்தனை ஸ்னாப்புக்கு ஒரு பந்து அவர் பக்கம் வந்தது என்று பார்த்தால்தான் எதிரணிப் பயிற்சியாளர்கள் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியும். இந்தச் சண்டையில் ரசிகர்களைவிட அவர்களுடைய தீர்ப்புக்கு மதிப்பு அதிகம்.

இப்படியெல்லாம் கணக்குப் போட்ட பிறகும் 2024-இன் பட்டியலில் ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது: ஹன்டரை எந்த இடத்தில் எழுதுவது? ரிசீவராக எழுதினால் அவருடைய கார்னர் ஆட்டத்துக்கு மதிப்பில்லை. கார்னராக எழுதினால் அக்டோபர் நடுவில் அவரைவிடச் சுத்தமாக அந்த ஒரு வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தவர்களின் இடம் போகிறது. பல்துறை வீரர் என்ற இடத்தில் எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் அது வழக்கமாகப் பந்தைத் திருப்பி ஓடுகிறவர்களுக்கான இடம், 600 யார்டை நெருங்கிய ரிசீவரை அங்கே உட்கார வைப்பது உபசாரம் மாதிரி இருக்கும். விருதுக் குழுக்களே இதில் ஒன்றுபடவில்லை. நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப், சிறந்த தற்காப்பு வீரருக்கான பெட்நரிக் இரண்டும் ஹன்டருக்கு. சிறந்த டிஃபென்சிவ் பேக்குக்கான (கார்னர் உள்ளிட்ட பின்வரிசைத் தற்காப்பாளர்) ஜிம் தார்ப் விருது மட்டும் டெக்சஸின் ஜாடே பாரன் என்ற வீரருக்கு. நாட்டிலேயே சிறந்த தற்காப்பு வீரர், ஆனால் தன் வரிசையில் சிறந்தவர் இல்லை! என்னைக் கேட்டால் தார்ப் சரி, பெட்நரிக்தான் தப்பு. பெட்நரிக்கில் ஹன்டருக்கு விழுந்த வாக்குகளில் பாதி அவர் பிடித்த பாஸ்களுக்கு விழுந்தவை. பாதி சீசன் பட்டியலில் அவரைப் பல்துறை இடத்தில் போட்டு, கார்னர் இரண்டையும் கார்னர்களுக்கே விட்டுவிட வேண்டும். கொலராடோக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளப்போவதில்லை.